‘ஹங்கர் கேம்ஸ்’ ரூ கறுப்பினச் சிறுமி என்பதைச் சில வாசகர்கள் ஏன் கவனிக்கவில்லை?

2008இல் வந்த ‘ஹங்கர் கேம்ஸ்’ நாவலிலேயே ரூவுக்கு அடர்பழுப்புத் தோல், பழுப்புக் கண்கள் என்று இருக்கிறது. ஆனாலும் 2012இல் படம் வந்தபோது, கறுப்பின நடிகர் அமாண்ட்லா ஸ்டென்பர்க்கை அந்த வேடத்தில் பார்த்துச் சிலர் ட்விட்டரில் கொதித்தார்கள். நிறம் சொல்லாத பாத்திரமெல்லாம் வெள்ளையர்தான் என்று படித்துப் பழகிய மனம், சொன்ன நிறத்தையும் தாண்டிப் போய்விடுகிறது. போதாக்குறைக்கு, அதே வாக்கியத்தில் ரூ, கதாநாயகியின் பொன்னிறக் கூந்தல் தங்கை பிரிம்மோடு ஒப்பிடப்படுகிறாள். பிரிம்மின் முகமே ரூவுக்கும் ஒட்டிக்கொள்கிறது.

இதைவிட வேதனை, அவள் கறுப்பினம் என்று தெரிந்ததும் கதையில் வரும் அவளது சாவு அவ்வளவாக வருத்தவில்லை என்றுகூட எழுதினார்கள். அவர்கள் மனதிலுள்ள ‘அப்பாவிக் குழந்தை’ என்ற பிம்பத்தில் கறுப்புத் தோலுக்கு இடமே இல்லை.

எழுதுகிறவர்கள் நிறத்தைப் பாத்திரம் நுழையும்போதே சொல்லிவிட்டு, பிறகும் கை, கூந்தல் என்று நினைவூட்ட வேண்டும். வெள்ளையரின் நிறத்தையும் எழுதுங்கள். கறுப்பருக்கு மட்டும் எழுதினால் வெள்ளைதான் இயல்பு என்றாகிவிடும்.