ஓய்வுக்குப் பிறகு பதவி உயர்வு கிடைக்குமா?

"அமெரிக்க ராணுவ ரிசர்வில் (பகுதிநேரத் துணைப் படையில்) இருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். வந்திருக்க வேண்டிய பதவி உயர்வு ஒன்று கோப்புக் குளறுபடியால் போயிற்று. இப்போது கேட்கலாமா?" என்பது கேள்வி.

கேட்கலாம். ராணுவ ஆவணத் திருத்த வாரியம் இதற்குத்தான் இருக்கிறது. 1946-க்கு முன்பு இப்படி ஒருவரின் குறையைத் தீர்க்க நாடாளுமன்றமே தனி மசோதா போட வேண்டியிருந்தது! இப்போது டிடி 149 என்ற படிவம் போதும், கட்டணமும் இல்லை.

பிழை தெரிய வந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தாண்டிவிட்டாலும், நியாயம் கருதி வாரியம் அந்தத் தாமதத்தை மன்னிக்கலாம். ஏன் தாமதம் என்று ஒளிக்காமல் எழுதுங்கள்.

சிக்கல் ஆதாரத்தில்தான். அலுவலகம் சரியாகவே நடந்தது என்ற அனுமானத்தோடுதான் வாரியம் தொடங்கும். இல்லை என்று காட்டுவது உங்கள் பொறுப்பு. "நான் தகுதியானவன், நண்பர்களுக்கெல்லாம் கிடைத்தது" என்பது எடுபடாது. கோப்பில் சேராத மதிப்பீட்டு அறிக்கை, தவறாகப் பதிவான பணித் தேதி, அன்றைய மேலதிகாரியின் கையெழுத்திட்ட கடிதம், இவைதான் பேசும்.

அப்புறம், அதிகாரியாக இருந்தவருக்கு வாரியம் நேரடியாக உயர்வு தருவது அரிது. பெரும்பாலும் கோப்பைத் திருத்தி, சிறப்புத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பும். அன்று அந்தக் கோப்பு சரியாக இருந்திருந்தால் தேர்வாகியிருப்பாரா என்று அந்தக் குழு பார்க்கும். தேர்வானால் பழைய தேதியிட்டே உயர்வு வரலாம். ஓய்வூதியக் கணக்கும் மாறலாம். ரிசர்வ்காரர்களுக்கு ஓய்வூதியம் பொதுவாக 60 வயதில்தான் தொடங்கும் என்பதால், அதற்கு முன்பே விண்ணப்பிப்பது நல்லது.

நிராகரித்தால், புதிய ஆதாரத்தோடு மறுபரிசீலனை கேட்கலாம்.