தோட்டத்து அறையின் தட்டைக் கூரை: வெப்பக் காப்பு பற்றிச் சில கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தோட்டத்தில் இருக்கும் மரச் சட்ட அறையை, உட்கார்ந்து எழுதும் இடமாக மாற்றப்போகிறேன். காப்புப் பலகையைக் கூரைக்கு மேலே போடுவதா, உள்ளிருந்து சட்டங்களுக்கு நடுவே பொருத்துவதா?

பதில்: மேலே போட வழி இருந்தால் மறுயோசனையே வேண்டாம். முதலில் பிளைவுட் தளம். அதன்மேல் நீராவித் தடுப்புத் தாள், அதற்கு மேல் காப்புப் பலகை, எல்லாவற்றுக்கும் மேலே ரப்பர் விரிப்போ தார்த் தாளோ. இப்படி அடுக்கினால் மரம் முழுவதும் அறையின் வெப்பத்திலேயே இருக்கும். அதில் ஓதம் ஏறாது. கூரையின் உயரம் கூடும் என்பதால் ஓரப் பட்டைகளையும் மழைநீர்க் குழாயையும் மாற்றியமைக்க வேண்டியிருக்கும். அந்த வேலைக்குச் சோம்பியே பலர் உட்புற வழிக்குப் போகிறார்கள்.

கேள்வி: நான் சோம்பேறி இல்லை ஐயா, உயரத்தைக் கூட்ட எனக்கு அனுமதியில்லை. உள்ளிருந்துதான் செய்தாக வேண்டும்.

பதில்: மன்னியுங்கள். அப்படியென்றால் சட்டங்களின் இடைவெளியை முழுவதும் நிரப்பிவிடாதீர்கள். பலகைக்கும் பிளைவுட்டுக்கும் நடுவே 50 மி.மீ. காலியாக இருக்கட்டும். ஒவ்வொரு இடைவெளியிலும் காற்று ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேற வேண்டும். துளைகளுக்குப் பூச்சிவலை போடுங்கள்.

காரணம் இதுதான்: 20 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள அறைக் காற்று, ஏறக்குறைய 12 டிகிரிக்குக் குளிர்ந்ததுமே நீரை உதிர்க்கத் தொடங்கும். குளிர்ந்த இரவில் பிளைவுட்டின் அடிப்புறம் அதைவிடக் குளிர்ந்திருக்கும். முதலில் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி முனைகளில் முத்து முத்தாக நீர் கோக்கும். பிறகு ஒவ்வோர் ஆணியைச் சுற்றியும் துருவளையம், அதைச் சுற்றிக் கரும்பூஞ்சை. மேலே ஒரு சொட்டுக்கூட ஒழுகாமலேயே கூரை மக்கிப்போவது இப்படித்தான். ஆகவே அறையின் பக்கமாக, உட்கூரைப் பலகைக்குச் சற்று மேலே, நீராவித் தடுப்புத் தாளை விரித்து, இணைப்புகளையும் ஓரங்களையும் ஒட்டுநாடாவால் அடையுங்கள். காப்பின் கனத்தில் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, இந்த ஒட்டுவேலையில் குறை வைக்காதீர்கள்.

கேள்வி: தெர்மோகோல் போதுமா? பி.ஐ.ஆர். என்ற கெட்டி நுரைப் பலகைதான் வேண்டுமா?

பதில்: வெப்பக் கடத்துதிறன் பி.ஐ.ஆர். பலகைக்குச் சுமார் 0.022, தெர்மோகோலுக்கு 0.036 அளவில். அதாவது 100 மி.மீ. பி.ஐ.ஆர். செய்யும் வேலைக்குத் தெர்மோகோல் 160 மி.மீ.க்கு மேல் வேண்டும். இடம் தாராளமாக இருந்தால் தெர்மோகோலில் தவறில்லை. ஆனால் கரைப்பான் கலந்த பசை பட்டால் அது கரைந்து குழி விழும். பி.வி.சி. உறையுள்ள மின்கம்பி அதன்மேல் படிந்து கிடந்தால் நாளடைவில் உறை விறைத்து வெடிக்கும். கம்பியைக் குழாய்க்குள் விடுங்கள். இரண்டுமே எரியக்கூடியவை. உட்புறத்தில் திறந்தபடி விடாமல் ஜிப்சம் பலகையால் மூடுங்கள்.

கேள்வி: பளபளக்கும் ஃபாயில் சுருள் ஒன்றை மட்டும் அடித்தால்?

பதில்: போதாது. ஃபாயிலுக்கு முன்னால் காற்றிடைவெளி இருந்தால்தான் அது வெப்பக் கதிரைத் திருப்பும். இருபுறமும் ஒட்டி நெருக்கினால் வெறும் உலோகத் தாள்.

கேள்வி: எங்கள் தொல்லை குளிர் இல்லை, வெயில். ஏ.சி. போடப்போகிறோம்.

பதில்: புழுக்கமான ஊரில் ஆவி வெளியிலிருந்து உள்ளே வரும். அங்கே உட்கூரையை ஒட்டிப் பாலித்தீன் தாள் போட்டால், ஏ.சி.யின் குளிர்ச்சியில் அதன் மேற்புறத்திலேயே நீர் தங்கும். மேலே காப்பு, அதற்கும் மேலே நீர்த்தடுப்பு என்ற முறையே உங்களுக்கும் ஏற்றது. மேற்பரப்புக்கு வெள்ளை நிறப் பிரதிபலிப்புப் பூச்சு அடியுங்கள். வெயிலில் பெரும்பகுதி அங்கேயே திரும்பிவிடும்.

கேள்வி: மண்வெட்டியும் பூத்தொட்டியும் மட்டும் வைக்கும் கொட்டகைக்கு?

பதில்: எதற்கு? காற்றோட்டம் இருந்தால் போதும்.

கேள்வி: இப்போதுள்ள கூரையில் மழைநீர் தேங்குகிறது. அதன்மேலேயே பலகையைப் போட்டுவிடலாமா?

பதில்: கூடாது. மழை நின்று இரண்டு நாளாகியும் நீர் நின்றால் வாட்டம், அதாவது சரிவு, போதவில்லை என்று பொருள். மீட்டருக்கு 25 மி.மீ. வாட்டம் வைத்துத் திட்டமிடுங்கள். ஆப்பு வடிவ மரப்பட்டைகளைச் சட்டங்களின்மேல் அடித்து அதைக் கொண்டுவரலாம். அதற்கு முன் பழைய தாளைக் கிழித்து, ஸ்குரூடிரைவரால் பிளைவுட்டைக் குத்திப் பாருங்கள். முனை எளிதாக இறங்கும் இடமெல்லாம் மாற்ற வேண்டியவை. சட்டத்தின் முனைகளையும் அப்படியே சோதியுங்கள். சுவரில் உட்காரும் இடத்தில்தான் உளுத்தல் முதலில் தொடங்கும்.