நிரலுக்கு நிரல் செய்தி கடத்துதல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சோகற் (socat) பற்றியவை; இரு நிரல்களுக்கு அல்லது கருவிகளுக்கு இடையே நின்று தரவைக் கடத்தும் கட்டளைவரி நிரல் அது.

கொக்குவில் வாசகர்: முதல் நிரல் இணைந்து விலகியதும் சோகற்றும் நின்றுவிடுகிறது. ஏன்?

கேட்கும் பக்க முகவரியில் 'போர்க்' (fork) என்ற தெரிவைச் சேருங்கள்; அது இல்லாவிட்டால் சோகற் ஒரே ஓர் இணைப்பை மட்டும் ஏற்று முடிந்துவிடும். இரு நிரல்களும் ஒரே கணினியில் இருப்பதாயின் 'பைண்ட்' (bind) தெரிவில், அதே கணினியை மட்டும் குறிக்கும் 127.0.0.1 என்ற முகவரியையும் கட்டாயம் எழுதுங்கள். எழுதாவிட்டால் உங்கள் வலையமைப்பிலுள்ள எவரும் அந்தப் போர்ட்டைத் தொடலாம்.

மானிப்பாய் வாசகர்: சோகற் வேலை செய்யவில்லை. உதவுங்கள்.

இட்ட கட்டளையும் இல்லை, வந்த பிழைச்செய்தியும் இல்லை. இப்படி எழுதினால் எவராலும் உதவ முடியாது. 'டி' (-d) தெரிவை இரு முறை சேர்த்து மீண்டும் ஓட்டி, திரையில் வரும் வரிகளை ஒன்றும் விடாமல் அனுப்புங்கள்.

சுன்னாகம் வாசகர்: எங்கள் கடைத் தராசு காட்டும் நிறையை, சோகற் ஊடாகப் பில் போடும் நிரலுக்கு அனுப்புகிறோம். வெங்காயம் 12.450 கிலோ நின்றால், சில வேளை 12.4 என்றும் 50 என்றும் இரண்டு நிறைகளாக வருகிறது. சோகற் செய்தியை வெட்டாதிருக்க எந்தத் தெரிவைக் கொடுக்க வேண்டும்?

அப்படி ஒரு தெரிவைத் தேடுவதை விடுங்கள், ஏனெனில் பிழை உங்கள் பில் நிரலில் இருக்கிறது. இதே முறைப்பாடு எனக்கு ஆண்டுக்கணக்காக வந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் பழி சோகற்றின் தலையில்தான் விழுகிறது. சோகற் இங்கே பயன்படுத்தும் வலையமைப்பு நெறிமுறையான ரிசிபி (TCP) என்பது பைற்றுகளின் தொடரோட்டம் என்று 1981 ஆம் ஆண்டின் வரையறையே கூறுகிறது. ஒரு முறை எழுதியது இரண்டாக வரலாம், இரு முறை எழுதியது ஒன்றாகச் சேர்ந்தும் வரலாம்; ஒழுங்கு மாறாது என்பது மட்டுமே உறுதி. உங்கள் தராசு 9600 பாட் (baud) வேகத்தில் அனுப்பினால் நொடிக்கு ஏறத்தாழ 1,000 எழுத்துகளே வரும். சோகற் முழு எண்ணுக்காகக் காத்திராமல் கைக்கு வந்ததை உடனே கடத்துகிறது. அது அதன் கடமை. ஒரே கணினியில் சோதிக்கும்போது செய்திகள் பெரும்பாலும் முழுதாகவே வந்துவிடுவதால், பலர் அதை நம்பி நிரலைக் கடையில் நிறுவிவிடுகிறார்கள்.

தராசுகள் பெரும்பாலும் ஒவ்வொரு நிறையின் முடிவிலும் ஒரு வரிமுடிவுக் குறியை அனுப்பும். வந்த பைற்றுகளை ஓர் இடத்தில் சேர்த்து வைத்து, அந்தக் குறி வந்த பின்னரே எண்ணாக வாசியுங்கள். வரிமுடிவு இல்லாத தரவாயின், முன்னே நான்கு பைற்றில் நீளத்தை எழுதி அனுப்புவது நல்லது. பொருட்களின் தமிழ்ப் பெயர்களையும் கடத்துவதாயின் இன்னும் கவனம் வேண்டும்: எழுத்துகளைப் பைற்றாக எழுதும் யூரிஎப்-8 (UTF-8) முறையில் 'க' மூன்று பைற், 'கொ' ஆறு பைற். நடுவில் அறுந்த துண்டை எழுத்தாக மாற்றினால் பெயர் சிதைந்துதான் வரும். ஆகவே முதலில் சேருங்கள், பின்னர் மாற்றுங்கள்.

சாவகச்சேரி வாசகர்: இடையே ஓடும் செய்திகளைப் பார்க்க முடியுமா?

முடியும். 'வி' (-v) தெரிவு எழுத்தாகவும் 'எக்ஸ்' (-x) தெரிவு பதினாறடி எண்களாகவும் காட்டும். இரண்டும் பிழை வெளியீட்டில் (stderr) வரும் என்பதால், கோப்பில் சேமிப்பதாயின் அதையே திருப்பிவிட வேண்டும். கடவுச்சொற்களும் அந்தக் கோப்பில் விழும். வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

காரைநகர் வாசகர்: ரொறன்ரோவிலுள்ள அண்ணாவின் நிரல் எங்கள் வீட்டுக் கணினியிலுள்ள நிரலுடன் பேச வேண்டும். ரவுட்டரில் போர்ட்டைத் திறந்து சோகற்றை வைத்தால் போதுமா?

அப்படிச் செய்யவே கூடாது. சாதாரண ரிசிபி முகவரியில் சோகற் கடவுச்சொல் கேட்பதில்லை, மறையாக்கமும் செய்வதில்லை. மீண்டும் சொல்கிறேன், உங்கள் நிரல் 127.0.0.1 இல் மட்டும் கேட்கட்டும். அண்ணா, மறையாக்கத்துடன் தொலைக் கணினியை இணைக்கும் எஸ்எஸ்எச்சின் (SSH) பெரிய 'எல்' (-L) தெரிவைக் கொண்டு தன் கணினிப் போர்ட் ஒன்றை அதனுடன் இணைக்கட்டும். ரவுட்டரில் எஸ்எஸ்எச் போர்ட் மட்டுமே திறந்திருக்க வேண்டும், நுழைவும் சாவிக்கோப்பு முறையில் மட்டுமே இருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் சோகற்றுக்கு வேலையே இல்லை.

பருத்தித்துறை வாசகர்: நிறுத்தி உடனே தொடங்கினால், முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்கிறது.

'ரீயூஸ்அட்ர்' (reuseaddr) தெரிவைச் சேருங்கள், அல்லது ஒரு நிமிடம் அளவில் பொறுங்கள். அதன் பின்னும் அதே செய்தி வந்தால், பழைய சோகற் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைத் தேடி நிறுத்துங்கள்.