அவருக்குத் தலைமாடு, எனக்குக் கால்மாடு: ஒரே மெத்தை போதுமா?

கேள்வி: தக்கலை அருகே வசிக்கிறோம். என் கணவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 66. இரவில் படுத்தால் புளித்த நீர் தொண்டை வரை எதுக்களிக்கிறது. தலைப்பக்கத்தை உயர்த்திப் படுக்கும்படி மருத்துவர் சொன்னார். மூன்று தலையணை அடுக்கிப் படுத்ததில் கழுத்து வலியும் சேர்ந்துகொண்டது. எனக்கு 61 வயது. மாலையானால் இரண்டு கால்களும் வீங்கிவிடும். நரம்புச் சுருட்டல்தான் காரணம், காலை உயர்த்தி வைத்துப் படுங்கள் என்றார்கள். துபாயில் இருக்கும் மகன் ரிமோட்டில் இயங்கும் மோட்டார் கட்டில் வாங்கித் தருவதாகச் சொல்கிறான். ஆறடி அகலத்தில் ஒரே மெத்தையாக வாங்குவதா, இரண்டாக வாங்குவதா? 38 வருடமாக ஒரே மெத்தையில் படுத்தவர்கள், பிரிக்க மனம் ஒப்பவில்லை. இப்போதுள்ள தென்னை நார் மெத்தை நன்றாகவே இருக்கிறது. அதையே புதுக் கட்டிலில் போடலாமா?

பதில்: அம்மா, இரண்டாக வாங்குங்கள். மூன்றடி அகலத்தில் இரண்டு மெத்தை, அடியில் தனித்தனியே இயங்கும் இரண்டு கட்டில், மேலே இருவருக்கும் ஒரே போர்வை. உங்கள் வீட்டுக்கு இதுதான் பொருந்தும்.

சாருக்குத் தலைமாடு உயர வேண்டும், உங்களுக்குக் கால்மாடு உயர வேண்டும். எதுக்களிப்பு உள்ளவர்களுக்குக் கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் ஆறு அங்குல மரக்கட்டை வைப்பது பழைய வழி. தனியாகப் படுப்பவருக்கு அது நல்ல வழியும்கூட. பக்கத்தில் நீங்கள் படுத்தால் உங்கள் கால் இரவு முழுவதும் சரிவில் கீழே கிடக்கும், வீக்கம் வடியாது. ஒரே மெத்தை போட்ட மோட்டார் கட்டிலில் தலையையும் காலையும் சேர்த்து உயர்த்தலாம். அப்போது இருவரும் தொட்டிலுக்குள் கிடப்பதுபோல நடுவில் வளைந்து மல்லாந்துதான் படுக்க முடியும். எதுக்களிப்புக்கு இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பது நல்லது. அந்த வளைவில் ஒருக்களித்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஒருவருடைய மருந்தை இன்னொருவரும் சேர்ந்து விழுங்குவது போன்ற ஏற்பாடு அது.

தலையணை அடுக்குவது ஏன் உதவவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தலையணை கழுத்தை மட்டும்தான் தூக்கும். உடல் வயிற்றில் மடங்கும், வயிறு அழுந்தும், எதுக்களிப்பு கூடவும் செய்யலாம். இடுப்புக்கு மேலே முதுகு முழுவதும் ஒரே சரிவாக உயர வேண்டும். தலை ஆறு முதல் எட்டு அங்குலம் உயர்ந்தால் போதும், நாற்காலிபோல நிமிர்த்த வேண்டாம். சார் தூக்கத்தில் கீழே சறுக்கி வந்தால் முழங்காலுக்கு அடியில் மட்டும் கொஞ்சம் உயர்த்திக்கொள்ளலாம்.

இனி உங்கள் தென்னை நார் மெத்தை. அதைப் புதுக் கட்டிலில் போடாதீர்கள். சுருட்டிய நாரின் மேல் ரப்பர் பால் தெளித்து, அழுத்தி, வேகவைத்துச் செய்த பலகை அது. நிமிர்ந்து கிடக்கும்வரை வருடக்கணக்கில் உழைக்கும். தினமும் மடக்கி நிமிர்த்தினால் நாரைப் பிடித்திருக்கும் ரப்பர் ஒட்டு விட்டுப்போகும். குளச்சல் பக்கம் ஒரு வீட்டில் கையால் சுழற்றி உயர்த்தும் ஆஸ்பத்திரிக் கட்டிலின்மேல் இப்படியொரு மெத்தையைப் போட்டிருந்தார்கள். மெத்தை நடுவில் பள்ளமாகிவிட்டது என்று என்னை அழைத்தார்கள். கட்டிலுக்கு அடியில் அரித்த மரத்தூள்போலப் பழுப்புப் பொடி கோடாக விழுந்து கிடந்தது. உறையின் ஜிப்பைத் திறந்தேன். இடுப்பு மடங்கும் இடத்தில், அளவுகோல் வைத்துக் கீறியதுபோல நார்ப்பலகை குறுக்கே வெடித்திருந்தது. படுத்திருந்தவரின் இடுப்புப் பூட்டு ஒரு வருடமாக அந்தப் பள்ளத்தில்தான் இருந்திருக்கிறது. உங்கள் மெத்தை நன்றாக இருந்தால் முன்னறைக் கட்டிலில் போட்டுப் பகல் தூக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஓரத்தில் கம்பி வளையம் கட்டிய சாதாரண ஸ்பிரிங் மெத்தையும், ஃபோம் துண்டுகளை அரைத்து அழுத்திய ரீபாண்டட் மெத்தையும் மடக்குவதற்கு ஆகாது. வளையக்கூடியவை லேடெக்ஸ், நல்ல ஃபோம், மெமரி ஃபோம், ஓரக்கம்பி இல்லாத பாக்கெட் ஸ்பிரிங் (ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தனித் துணிப்பையில் இருப்பது) ஆகியவை. இவற்றில் மெமரி ஃபோம் உடல் சூட்டை வாங்கி இளகுவது. நம் ஊர்ப் புழுக்கத்தில் விடியும்வரை முதுகு ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் உங்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். லேடெக்ஸைச் சொல்வேன். குலசேகரம் பக்கம் போகும்போது ரப்பர் மரத்தில் கட்டியிருக்கும் சிரட்டையில் சொட்டுகிறதே, அதே பால்தான். தோட்டத்துப் பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் ரப்பர் இருக்கும். அதை இயந்திரத்தில் சுற்றி 60 சதவீதமாக்கி, நுரைக்கவைத்து, அச்சில் ஊற்றி வேகவைக்கிறார்கள். உள்ளே ஊசித் துளைகள் இருப்பதால் காற்று ஓடும். எத்தனை முறை வளைத்தாலும் தன் இடத்துக்குத் திரும்பிவிடும். முழுக்க இயற்கை ரப்பரா, செயற்கை ரப்பர் கலந்ததா என்பதைக் கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள்.

லேடெக்ஸில் ஒரு குறை உண்டு, எடை. 78 அங்குல நீளம், 36 அங்குல அகலம், எட்டு அங்குலத் தடிமன் உள்ள ஒரு மெத்தையே ஏறத்தாழ 25 முதல் 30 கிலோ வரும். மூன்றடி என்பதால் இரண்டு பேர் தூக்கிப் படிக்கட்டுத் திருப்பத்தில் ஏற்றிவிடலாம்; ஆறடி மெத்தையில் அது பெரும்பாடு. தடிமன் ஆறு முதல் எட்டு அங்குலம் போதும். பத்து, பன்னிரண்டு என்று போனால் வளைவு மழுங்கிவிடும், உயரமும் கூடும். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தால் உங்கள் பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். மெத்தையோடு சேர்த்து 18 முதல் 21 அங்குல உயரம் பெரும்பாலோருக்குச் சரியாக வரும். மோட்டார் கட்டில்கள் பலவற்றில் காலைக் கழற்றிக் குட்டைக் கால் மாட்டலாம். கடையிலேயே கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். வீங்கிய காலோடு இரவில் இருமுறை எழுந்து போகிறவருக்கு மெத்தையின் பெயரைவிட இந்த அளவு முக்கியம்.

அளவில் இன்னொரு கண்ணி இருக்கிறது. நம் கடைகளில் கிடைக்கும் மூன்றடி மெத்தை 78க்கு 36. இரண்டைச் சேர்த்தால் 78க்கு 72, அதாவது கிங் அளவு. 72, 75 அங்குல நீளத்திலும் விற்கிறார்கள். அமெரிக்க அளவில் செய்த கட்டிலோ 80க்கு 38. முதலில் கட்டிலை முடிவு செய்து அதன் அளவை எழுதிக்கொண்டு, பிறகு மெத்தைக்குச் சொல்லுங்கள். தலைப்பக்கம் மட்டும் பிளந்த ஒற்றை மெத்தை ஒன்றையும் காட்டுவார்கள். உங்கள் கால்மாடு தனியாக உயர வேண்டும், அதனால் அது வேண்டாம்.

இரண்டு மெத்தையும் ஒரே நிறுவனம், ஒரே தடிமன் என்று இருக்க வேண்டும். உறுதி வேறாக இருக்கலாம்: சார் கனத்த உடம்புக்காரர் என்றால் அவருக்குக் கெட்டியானது, உங்களுக்குக் கொஞ்சம் மெத்தென்றது. மேல்மட்டம் சமமாக இருந்தால் நடுவில் ஒரு விரல் அளவு கோடுதான் தெரியும். அந்தக் கோட்டை அடைக்க ஃபோம் பட்டை விற்கிறார்கள், இரண்டையும் சேர்த்துக் கட்டும் வாரும் உண்டு. இவற்றில் எதைப் போட்டாலும் தனித்தனியே உயர்த்த முடியாது, அதனால் வேண்டாம். ஆளுக்கொரு விரிப்பை மெத்தையோடு இறுக்கிப் போட்டு, போர்வையை மட்டும் பொதுவாக வையுங்கள். இரண்டு கட்டிலையும் ஒன்றாக இயக்கும் இணைப்பு வயர் வேண்டுமா என்று கடைக்காரர் கேட்பார். உங்களுக்கு அது தேவையில்லை, ஆனால் கட்டில்களை அடியில் ஒன்றோடொன்று பூட்டச் சொல்லுங்கள், விலகாது. பிரிக்க மனம் ஒப்பவில்லை என்று எழுதியிருந்தீர்கள். படுத்துக்கொண்டு பேசும்வரை இரண்டும் சமமாகவே இருக்கட்டும். உறக்கம் வரும்போது அவரவர் பொத்தானை அழுத்தினால் போதும். அவர் தோள் ஒரு சாண் உயரும், உங்கள் பாதம் ஒரு சாண் உயரும், கை எட்டும் தூரம் அப்படியே இருக்கும். எதுக்களித்து எழுந்து அவர் நடுச்சாமத்தில் நாற்காலிக்குப் போனால்தான் அம்மா பிரிவு.

கடையில் மெத்தையைக் கையால் அழுத்திப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. கட்டில்மேல் போடச் சொல்லி, தலைமாட்டை முழுக்க உயர்த்திவிட்டுப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். இடுப்பு மடிப்பில் மெத்தைக்கும் கட்டிலுக்கும் நடுவே கை நுழைந்தால் அந்த மெத்தை வளையவில்லை, பாலம்போல நிற்கிறது. பிறகு இருவரும் ஒரே நேரத்தில் கால் மணி நேரம் படுத்திருங்கள். கால்மாட்டில் மெத்தை வழுக்காமல் தடுக்கும் கம்பி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மின்சாரம் பற்றி மகனிடம் சொல்லுங்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அடித்தபோது நம் குமரி மாவட்டத்தில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. மின்சாரம் நின்றாலும் பேட்டரியில் கட்டிலைச் சமமாக இறக்கும் வசதி உள்ளதை வாங்கட்டும், இன்வெர்ட்டர் இணைப்பும் கொடுக்கட்டும். இந்த மோட்டார்கள் பெரும்பாலும் இரண்டு நிமிடம் தொடர்ந்து ஓடினால் பதினெட்டு நிமிடம் ஓய்வு கேட்பவை. பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து ரிமோட்டில் விளையாடினால் மோட்டார் சூடாகி நின்றுவிடும். அதைவிட, உயர்த்திய கட்டிலுக்கு அடியில் பிள்ளைகள் நுழையவே கூடாது.

மழைக்காலம் இரண்டும் நமக்கு உண்டு. வாரம் ஒருமுறை இரண்டு கட்டிலையும் உயர்த்தி, மின்விசிறியை ஓடவிட்டு, மெத்தையின் அடிப்பக்கம் காற்றாட விடுங்கள். ரெக்சின் உறை வேண்டாம், அடியில் வியர்த்துப் பூசணம் பிடிக்கும். இழுத்தால் நீளும் பருத்திப் பின்னல் உறை நல்லது. இலவம்பஞ்சு மெத்தையை மொட்டைமாடியில் காயப்போட்ட பழக்கத்தில் லேடெக்ஸையும் வெயிலில் போட்டுவிடாதீர்கள். வெயில் பட்டால் ரப்பர் கெட்டித்துப் பொடியும், நிழலில்தான் உலர்த்த வேண்டும். கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகினால் கட்டில் உயரும்போது கிழியும். தரைவரை தொங்கும் வலையாக மாற்றுங்கள்.

வாங்குவதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இதயம் பலவீனமானவர்கள் அவரைக் கேட்காமல் காலை உயர்த்திப் படுக்கக் கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அன்றே காட்ட வேண்டும், கட்டில் பிறகு வரட்டும்.

பழைய கட்டிலுக்குள்ளேயே மோட்டார் கட்டிலைப் பொருத்தலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். உள் அகலம் 72 அங்குலத்துக்கு மேல் இருந்தால் நடுப்பலகைகளை எடுத்துவிட்டு இறக்கலாம். ஐந்தடிக் கட்டில் என்றால் முடியாது. அப்படியானால் தலைமாட்டுப் பலகையை மட்டும் தச்சரிடம் சொல்லிக் கழற்றிச் சுவரில் பதித்துவிடுங்கள். கட்டில் உயரும்போது உரசாமல் இருக்க ஒரு சாண் இடைவெளி விட்டால் போதும்.