அனகாபுத்தூருக்கு மேலே தாழ்வாக வரும் விமானங்கள்: பாதை மாறியதா, காற்று மாறியதா?

கேள்வி: ஜூன் மாதம் சென்னை விமான நிலையத்துக்கு மேற்கே உள்ள அனகாபுத்தூரில் சொந்த வீட்டுக்குக் குடிவந்தோம். அப்போது எப்போதாவது மதியத்துக்கு மேல் சில விமானங்கள் தாழ்வாகப் போகும், அவ்வளவுதான். அக்டோபர் கடைசியிலிருந்து விடியற்காலை தொடங்கி நள்ளிரவு வரை மொட்டைமாடிக்கு நேர் மேலே, சக்கரம் தெரிகிற அளவு தாழ்வாக வந்துகொண்டே இருக்கின்றன. மொபைல் செயலியில் பார்த்தால் ஜூனில் 900 அடி காட்டிய இடத்தில் இப்போது 650 அடிதான் காட்டுகிறது. பாதையை மாற்றிவிட்டார்களா? இவ்வளவு தாழ்வாகப் பறக்கச் சட்டம் அனுமதிக்கிறதா? யாரிடம் புகார் செய்வது? வீட்டின் மேல் இன்னொரு மாடி எடுக்கும் யோசனையும் இருக்கிறது, எடுக்கலாமா?

பதில்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் பாதை மாறவில்லை, காற்றுதான் மாறியிருக்கிறது. நம்பிக்கையின் பேரில் ஏற்க வேண்டாம், நீங்களே சரிபார்க்கலாம்.

சென்னை விமான நிலையத்தின் முதன்மை ஓடுபாதை ஏறக்குறைய கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. அதன் ஒரு முனைக்கு 07, மறு முனைக்கு 25 என்று எண். விமானம் முகம் வைக்கும் திசையைப் பத்தால் வகுத்த எண் அது; 07 என்றால் 70 டிகிரி, கிழக்கு வடகிழக்கு. விமானம் எதிர்காற்றில்தான் இறங்கும், எதிர்காற்றில்தான் ஏறும். தென்மேற்குப் பருவத்தில் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வரும் காற்று, வீசும்போது கடல் பக்கத்திலிருந்து கோட்டூர்புரம், கிண்டி வழியாக 25இல் இறங்குவார்கள். அப்போது உங்கள் பக்கம் வருபவை கிளம்பிப் போகும் விமானங்கள். அவை நல்ல உயரம் பிடித்துவிட்டிருக்கும், சிலது அதற்குள் திரும்பியும் விடும். வடகிழக்குக் காற்று தொடங்கியதும் எல்லாம் தலைகீழாகிறது. திருநீர்மலை, அனகாபுத்தூர், பம்மல் வழியாக மேற்கிலிருந்து வந்து 07இல் இறங்குவார்கள். அக்டோபர் பாதியில் தொடங்கி பிப்ரவரி வரை இதுவே வழக்கம்.

ஜூனில் மதியத்துக்கு மேல் மட்டும் சில விமானங்கள் வந்ததாகச் சொன்னீர்களே, அதற்குக் காரணம் கடற்காற்று. கோடையிலும் தென்மேற்குப் பருவத்திலும் காலையில் மேல்காற்று இருந்தாலும், தரை சூடேறியதும் நண்பகலுக்குப் பிறகு பல நாட்கள் கடற்காற்று உள்ளே வந்துவிடும். அது வந்ததும் கட்டுப்பாட்டுக் கோபுரம் ஓடுபாதையைத் திருப்பிவிடும். பின்காற்று 5 நாட் (மணிக்குச் சுமார் 9 கி.மீ.) வரை இருந்தால் பொதுவாகப் பொறுத்துக்கொள்வார்கள், அதைத் தாண்டினால் திசை மாறும். இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. விமான நிறுவனங்களின் குளிர்கால அட்டவணை அக்டோபர் கடைசி ஞாயிறு அன்று தொடங்குகிறது. அன்று முதல் நேரங்கள் மாறும், சில சேவைகள் கூடும். காற்றும் அட்டவணையும் ஒரே வாரத்தில் மாறும்போது கீழே இருப்பவருக்குப் பாதையே புதிதாகத் தெரியும். மழைக்காலம் வந்ததும் ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்து வைப்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். திறந்த ஜன்னல் 10 முதல் 15 டெசிபல்தான் தடுக்கும், மூடிய ஜன்னல் 20 முதல் 25 வரை தடுக்கும்.

சரிபார்க்கும் முறை எளிது. சென்னை போன்ற பெரிய விமான நிலையங்களுக்கு அரை மணிக்கு ஒருமுறை மெட்டார் என்ற வானிலைக் குறிப்பு வெளியாகிறது. இலவசச் செயலிகளில் கிடைக்கும். அதில் காற்றின் திசையும் வேகமும் இருக்கும். திசை என்பது காற்று எங்கிருந்து வருகிறது என்பது. 040 முதல் 100 டிகிரி வரை இருந்தால் உங்கள் தலைக்கு மேல் இறங்குவார்கள். 220 முதல் 280 வரை இருந்தால் கடல் பக்கத்திலிருந்து இறங்குவார்கள். குறிப்பில் உள்ள நேரம் உலகப் பொதுநேரம், நம் நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும். காலை, மதியம், இரவு என மூன்று வேளை இரண்டு வாரம் குறித்துப் பாருங்கள். காற்றோடு சேர்ந்து விமானத்தின் திசையும் மாறினால் புதுப்பாதை எதுவும் இல்லை. காற்று மேற்கிலிருந்து 8, 10 நாட் வீசும்போதும் உங்கள் பக்கத்திலிருந்தே இறங்கினால்தான் வேறு காரணம் தேட வேண்டும்.

இனி அந்த 900 அடியும் 650 அடியும். இதை வைத்துப் பலர் புகார் எழுதுகிறார்கள், இது நிற்காது. விமானம் ஒலிபரப்பி, செயலி காட்டும் உயரம் காற்றழுத்தத்தை வைத்துக் கணக்கிட்டது. கடல்மட்ட அழுத்தம் எப்போதும் 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்று எடுத்துக்கொண்டு அந்த எண் வருகிறது. உண்மையில் அழுத்தம் அப்படியே நிற்பதில்லை. சென்னையில் ஜூனில் அது 1003 அளவுக்கு இறங்கும், நவம்பரில் 1012 பக்கம் இருக்கும். ஒரு ஹெக்டோபாஸ்கலுக்குச் சுமார் 27 அடி வித்தியாசம். ஆக ஜூனில் செயலி உண்மையைவிட ஏறக்குறைய 270 அடி கூட்டிக் காட்டும், நவம்பரில் 30, 40 அடிதான் கூட்டும். அதே விமானம் அதே உயரத்தில் வந்தாலும் இரு மாதக் குறிப்புகளுக்கு நடுவே 240 அடி வித்தியாசம் வந்துவிடும். நீங்கள் பார்த்தது ஏறக்குறைய இதைத்தான். அன்றைய அழுத்தம் மெட்டாரிலேயே இருக்கிறது. 1013இலிருந்து அதைக் கழித்து 27ஆல் பெருக்கி, வரும் விடையைச் செயலியின் எண்ணிலிருந்து கழியுங்கள். அதிலிருந்து நிலையத்தின் தரை உயரம் 52 அடியையும் கழித்தால் நிலத்துக்கு மேலான உயரம் கிட்டத்தட்டக் கிடைக்கும்.

எவ்வளவு உயரத்தில் வர வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. இறங்கும் பாதை 3 டிகிரி சரிவு. ஓடுபாதை முனையை 15 மீட்டர் உயரத்தில் கடக்கும்படி அமைத்திருப்பார்கள். அங்கிருந்து பின்னால் போகப் போக கிலோமீட்டருக்குச் சுமார் 52 மீட்டர் கூடும். 1 கி.மீ. தொலைவில் 67 மீட்டர், 2 கி.மீ.யில் 120, 3 கி.மீ.யில் 172, 5 கி.மீ.யில் 277, 10 கி.மீ.யில் 540. வரைபடச் செயலியில் ஓடுபாதையின் மேற்கு முனையிலிருந்து உங்கள் வீட்டுக்கு நேர்கோட்டுத் தூரம் அளந்துகொள்ளுங்கள். 3 கி.மீ. என்றால் 172 மீட்டர், அதாவது 565 அடி. சக்கரம் தெரிவதில் வியப்பில்லை. பல கிலோமீட்டர் முன்னாலேயே அதை இறக்கிவிடுவார்கள். இறங்கும் விமானத்தின் இரைச்சலில் கணிசமான பங்கு எஞ்சினிலிருந்து வருவதில்லை, விரித்த சக்கரமும் இறக்கை மடிப்புகளும் காற்றைக் கிழிப்பதால்தான் வருகிறது.

செயலியே இல்லாமலும் அளக்கலாம். ஒரு ஸ்கேலைக் கண்ணிலிருந்து 60 செ.மீ. தள்ளிப் பிடித்து, விமானம் நேர் மேலே வரும்போது இறக்கை முனைக்கு முனை எத்தனை செ.மீ. என்று பாருங்கள். ஏர்பஸ் 320, போயிங் 737-800 இரண்டுக்கும் இறக்கை அகலம் ஏறக்குறைய 36 மீட்டர். 2150ஐ அந்த செ.மீ.யால் வகுத்தால் உயரம் மீட்டரில் வரும். 12.5 செ.மீ. தெரிந்தால் 172 மீட்டர். ஏடிஆர் 72 என்றால் இறக்கை 27 மீட்டர், 1620ஐ வகுக்க வேண்டும். போயிங் 777-300இஆர் வகைக்கு 64.8 மீட்டர், 3890ஐ வகுக்க வேண்டும். பலர் தடுமாறுவது இந்தக் கடைசியில்தான். அதே உயரத்தில் வந்தாலும் 777 கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிவதால், இது மட்டும் ஏன் இவ்வளவு தாழ்வாக வருகிறது என்று தோன்றும். விமானம் பக்கவாட்டில் சாய்வாகப் போகும்போது இப்படி அளந்தால் கிடைப்பது சாய்தூரம், உயரம் ஆகாது.

சட்டம் என்ன சொல்கிறது? மக்கள் நெருக்கமாக வாழும் பகுதிக்கு மேலே, 600 மீட்டர் ஆரத்துக்குள் உள்ள மிக உயரமான பொருளுக்கு மேல் 300 மீட்டருக்குக் கீழே பறக்கக்கூடாது, மற்ற இடங்களில் 150 மீட்டருக்குக் கீழே கூடாது என்பது பொதுவிதி. ஆனால் இறங்கவும் ஏறவும் தேவையான பறத்தலுக்கு இந்த வரம்பு பொருந்தாது. ஆகவே உயரத்தைக் காரணம் காட்டும் புகாருக்கு அனகாபுத்தூரில் பலன் இருக்காது. உங்கள் அளவு மேலே சொன்ன கணக்கில் பாதிக்கும் கீழே வந்தால், அதுவும் ஒரே விமானத்துக்கு வந்தால், நேரத்தைக் குறித்து விமான நிலையத்துக்குத் தெரிவியுங்கள். ஏதாவது பாகம் விழுந்தால் தொடாமல் 112க்கு அழையுங்கள்.

வேறு சில காட்சிகளும் பாதை மாறியதாகத் தோற்றம் தரும். முதன்மை ஓடுபாதையில் பராமரிப்பு நடந்தால் 12/30 என்ற இரண்டாம் ஓடுபாதைக்கு மாற்றுவார்கள். அப்போது கொளப்பாக்கம், மணப்பாக்கம் பக்கத்தில் கேள்வி எழும். ஒரு சிறிய இரட்டை எஞ்சின் விமானம் திரும்பத் திரும்பத் தாழ்வாக வந்து இறங்காமலே போனால், அது பெரும்பாலும் தரையிறக்கக் கருவிகளைச் சரிபார்க்கும் பறத்தல். தாம்பரத்தில் விமானப் படை நிலையம் இருப்பதால் பயிற்சி விமானங்களும் ஹெலிகாப்டர்களும் அந்தப் பக்கம் சுற்றும். இவை செயலியில் தெரியாமலே போகலாம். தண்ணீர்த் தொட்டியில் படியும் கறுப்பு, விமானம் கொட்டிய எரிபொருள் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஏர்பஸ் 320க்கும் 737க்கும் வானில் எரிபொருளைக் கொட்டும் வசதியே கிடையாது. சாலைத் தூசியையும் டீசல் புகையையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

உண்மையிலேயே பாதை மாறினால் அது ரகசியமாக நடக்காது. புறப்பாடு, வருகை முறைகள் இந்திய விமான நிலைய ஆணையம் இணையத்தில் வெளியிடும் விமானத் தகவல் கையேட்டில் இருக்கும். சென்னைக்கான குறியீடு விஓஎம்எம். மாற்றங்கள் உலகெங்கும் 28 நாளுக்கு ஒருமுறை, வியாழக்கிழமையில் நடைமுறைக்கு வரும். தற்காலிக மாற்றங்கள் நோட்டாம் என்ற அறிவிப்பில் வரும். திடீர் மாற்றம் ஒரு வியாழனில் தொடங்கி, காற்று எப்படி இருந்தாலும் தொடர்ந்தால், கையேட்டின் புதிய பதிப்பைப் பாருங்கள். செயற்கைக்கோள் வழிகாட்டலுக்கு மாறும் ஊர்களில், முன்பு அகலமாகப் பரவி வந்த விமானங்கள் ஒரே கோட்டில் வரத் தொடங்கும். கோட்டின் கீழே உள்ள தெருவுக்கு அது பெரிய பாரம். அப்படிப்பட்ட தெருவின் குறை முழுக்க நியாயமானது.

புகார் எடுபடும் இடம் சத்தமும் எண்ணிக்கையும் இரவு நேரமும். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2018இல் விமான நிலையச் சுற்றுப்புறங்களுக்கு ஒலி வரம்பு அறிவித்தது. ஆண்டுக்கு 50,000க்கு மேல் விமானப் போக்குவரத்து உள்ள நிலையங்களில் காலை 6 முதல் இரவு 10 வரை 70 டெசிபல், இரவில் 65. இது சராசரி. ஒரு விமானம் போகும்போது மீட்டர் 85 காட்டியது என்பது மீறல் ஆகாது. ஒரு விமானத்தின் மொத்த ஒலியாற்றல் ஒரு நொடிக்குள் அடங்கியதாக வைத்துக் கணக்கிட்டால் 90 டெசிபல் வருகிறது என்போம். மணிக்கு 10 விமானம் என்றால் அந்த மணியின் சராசரி சுமார் 64, எண்ணிக்கை இரட்டித்தால் 67. அதனால்தான் உச்ச அளவைவிட எத்தனை விமானம், எத்தனை மணிக்கு என்ற பட்டியல் முக்கியம்.

மொபைல் டெசிபல் செயலி ஆதாரமாகாது, ஆனால் ஒப்பிட உதவும். மொட்டைமாடியில் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில், எந்தச் சுவரிலிருந்தும் 2 மீட்டராவது தள்ளி வையுங்கள். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 3 டெசிபல் வரை கூட்டிவிடும். எப்போதும் ஒரே இடம், ஒரே கருவி. தேதி, நிமிடத்தோடு நேரம், எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு, விமான எண், செயலி உயரம், காற்றின் திசை, அளவு என்று இரண்டு வாரப் பட்டியல் தயாரித்து நிலைய இயக்குநருக்கு அனுப்புங்கள், ஒரு பிரதியைத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் அனுப்புங்கள். விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்திலும் பதியலாம். கூடவே 10 ரூபாய் கட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விமான நிலைய ஆணையத்திடம் கேளுங்கள்: மாதவாரியாக 07, 25 முனைகளில் இறங்கியவை எத்தனை, இரவு 10 முதல் காலை 6 வரை எத்தனை, ஒலி அளவீட்டுப் பதிவுகள் என்ன. 30 நாளில் பதில் தர வேண்டும். தெருவில் பத்துப் பேர் தனித்தனியாகக் கோபக் கடிதம் எழுதுவதைவிட இந்த ஒரு மனு வலுவானது.

வீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் அல்லது தகரக் கூரை இருந்தால் அதன் போல்ட்டுகளை இந்தப் பருவத்திலேயே பாருங்கள். பெரிய விமானம் கடந்து அரை நிமிடம், ஒரு நிமிடம் கழித்து மேலே சாட்டை வீசியது போலச் சத்தம் கேட்டால் அது இறக்கை முனைச் சுழல் கீழே இறங்குவது. காற்று மெதுவாக உள்ள நாளில் தளர்ந்த ஷீட்டையும் கூரை ஓடுகளையும் தூக்கிவிடும். ஒவ்வொரு ஷீட்டின் ஓரத்திலும் ஜே போல்ட், வாஷரோடு இறுக்கமாக இருக்க வேண்டும்.

மாடி விஷயத்தில் அவசரம் வேண்டாம். விமான நிலைய ஆணையத்தின் வண்ண மண்டல வரைபடத்தில் உங்கள் மனை எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று முதலில் பாருங்கள். ஓடுபாதைக்கு நேர்கோட்டில் அருகே உள்ள இடங்கள் பெரும்பாலும் சிவப்பு. அங்கே ஆணையத்தின் தடையில்லாச் சான்று இல்லாமல் உள்ளாட்சி அமைப்பு அனுமதி தரக்கூடாது. மற்ற நிறங்களில், அந்தக் கட்டத்துக்குக் குறித்த உயரம் வரை உள்ளாட்சியே அனுமதிக்கலாம். அந்த உயரம் கடல்மட்டத்திலிருந்து கணக்கிடுவது. மனையின் தரை கடல்மட்டத்துக்கு மேல் எவ்வளவு என்று சர்வேயரிடம் சான்று வாங்கி, அதைக் கழித்தால்தான் கட்ட முடிகிற உயரம் தெரியும். மாடித்தளத்தோடு கணக்கு முடிவதில்லை. படிக்கட்டு அறை, தண்ணீர்த் தொட்டி, ஆன்டெனா, இடிதாங்கிக் கம்பி எல்லாம் அந்த உயரத்துக்குள் அடங்க வேண்டும்.