லயத்த காலி பண்ணச் சொன்னா யார்கிட்ட போகணும்?

மலேசியாவுல பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் பக்கத்துல இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க: தோட்டத்த டெவலப்பருக்கு வித்துட்டாங்க, லயத்த (தோட்டத் தொழிலாளிங்க குடியிருக்கற வரிசை வீடுகள) காலி பண்ணணுமாம், நாங்க குழு அமைச்சா கவர்மெண்ட் கேக்குமா, இல்ல மகஜர (கோரிக்கை மனுவ) வாங்கி போட்டோ எடுத்துட்டு அனுப்பிடுவாங்களா?

கேப்பாங்க அக்கா, ஆனா சரியான ஆள்கிட்ட சரியான நேரத்துல போகணும். நம்மாளுங்க முதல்ல ஓடுறது எம்.பி. கிட்ட, ஆனா நிலம் மாநில அதிகாரம், விவசாய நிலத்துல வீடு கட்டணும்னா தேசிய நிலச் சட்டம் 124வது பிரிவுப்படி மாநில அரசு அனுமதி வேணும், நகராண்மைக் கழகத்துல திட்ட அனுமதியும் வேணும். அந்த ரெண்டு கையெழுத்தும் விழுறதுக்கு முன்னாடி தான் உங்க பேச்சுக்கு மதிப்பு, ஏன்னா நிபந்தனை போட்டு அனுமதி குடுக்க மாநிலத்துக்கு அதிகாரம் இருக்கு, "இங்க இருக்குறவங்களுக்கு மாற்று வீடு"ங்கறது அந்த நிபந்தனையா வரணும். அதனால நாளைக்கே நில ஆபீஸ்ல போய் டெவலப்பரோட மனு வந்திருச்சான்னு கேளுங்க, அப்புறம் மந்திரி பெசாருக்கும் (மாநில முதல்வருக்கும்) சட்டமன்ற உறுப்பினருக்கும் எழுதுங்க.

மகஜர் ஒரே பக்கம், ஒரே கோரிக்கை. கூடவே குடும்ப லிஸ்ட், பழைய சம்பளச் சீட்டு, பிள்ளைங்க பிறப்புப் பத்திரத்துல தோட்டத்துப் பேரு இருந்தா அதோட காப்பி. எத்தன தலைமுறையா அங்க இருக்கீங்கன்னு காட்ட இதவிட வேற என்ன வேணும்!

முதலாளிங்க பக்கமும் சும்மா இருக்காது, அவங்களும் அரசுகிட்ட பேசுவாங்க. குறைந்தபட்ச சம்பளம் 1,700 ரிங்கிட்னு 2025 பிப்ரவரில வந்தப்போ முதலாளிங்க சங்கம் தள்ளிவைங்கன்னு கேட்டுது, அஞ்சு பேருக்கும் குறைவா ஆள் வச்சிருக்கற முதலாளிக்கு ஆகஸ்டு வரைக்கும் டைம் கிடைச்சுது. அவங்க ரூமுக்குள்ள உக்காந்து பேசுவாங்க, நம்மகிட்ட இருக்குறது ஓட்டும் ஊர்ப் பேச்சும் தான். அது சின்ன பலம்னு நினைக்காதீங்க: 2007 நவம்பர் 25ல மலேசிய இந்தியர் உரிமைக்காக நடந்த ஹிண்ட்ராப் பேரணி, அடுத்த மார்ச்சு தேர்தல்ல 1974ல இருந்து எம்.பி.யா இருந்த மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர் சாமிவேலு உங்க சுங்கை சிப்புட்லயே தோத்தாரு, அதுக்குப் பேரணி மட்டுமே காரணம் இல்ல, ஆனா மக்கள் மனசு மாறுனதுல அதுக்குப் பெரிய பங்கு. அதனால தமிழ்ப் பத்திரிகைக்கும் சொல்லுங்க, மலாய்லயும் ஒரு வீடியோ போடுங்க, முடிவெடுக்குற அதிகாரிங்க பாக்குறது அதத்தான்.

ஒண்ணு மறந்துடாதீங்க, ஏழு பேரு இல்ல அதுக்கு மேல சேர்ந்து சங்கமா நடத்துனா 1966 சங்கச் சட்டப்படி பதியணும், ஊர்வலம் போறதா இருந்தா அஞ்சு நாளைக்கு முன்னாடியே போலீசுக்கு நோட்டீஸ் குடுக்கணும். காலி பண்ண சம்மதம்னு யார் பேப்பர் நீட்டுனாலும் வக்கீல் பாக்காம கையெழுத்து போடாதீங்க.