பள்ளிக்கூடத்து சோஷியல் சயின்ஸ் வேறு, பல்கலைக்கழகத்து சோஷியல் சயின்ஸ் வேறு

கேள்வி: என் மகள் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் கிரேட் 12 படிக்கிறாள். ஹை ஸ்கூலில் சோஷியல் சயின்ஸ் டீச்சர் ஆக வேண்டும் என்று ஆசை. அதனால் பேச்சலர் ஆஃப் சோஷியல் சயின்ஸ் சேர்ந்து, சைக்காலஜியும் சோஷியாலஜியும் மேஜராக எடுக்கலாம் என்கிறாள். ‘முதலில் டிகிரி, அப்புறம்தான் பி.எட்.’ என்று சென்னையிலிருக்கும் என் அண்ணன் சொல்கிறார். இங்கே ஃபாரம் நிரப்பித் தரும் ஒருவர், 3,000 ராண்ட் கொடுத்தால் சீட் பிடித்துத் தருவதாகச் சொல்கிறார். எது சரி? முதல் வருஷம் எந்தப் பாடங்களை எடுப்பது?

பதில்: அந்த 3,000 ராண்டை யாரிடமும் கொடுக்காதீர்கள், அம்மா. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதைவிடப் பெரிய ஆபத்து உங்கள் மகள் சொல்லும் இரண்டு மேஜர்களில் இருக்கிறது.

நம் பள்ளிகளில் கிரேட் 4 முதல் 9 வரை சோஷியல் சயின்ஸ் என்றால் வரலாறும் புவியியலும் மட்டும்தான். கிரேட் 10-இல் அந்தப் பெயரே மறைந்து, ஹிஸ்டரி, ஜியோகிரஃபி என்று இரண்டு தனிப் பாடங்களாகிவிடும். பல்கலைக்கழகத்தில் அதே சொல்லுக்குள் சைக்காலஜி, சோஷியாலஜி, பொலிட்டிகல் சயின்ஸ், கிரிமினாலஜி எல்லாம் அடங்கும். இவற்றில் ஒன்றுகூட மெட்ரிக் (கிரேட் 12 தேர்வு) பாடமில்லை. சைக்காலஜியும் சோஷியாலஜியும் படித்து முடித்த பெண், எந்த வகுப்பில் எந்தப் பாடத்தை நடத்துவாள்? மூன்று வருஷம் படித்து, பட்டமளிப்பு விழாவில் படமும் எடுத்துக்கொண்டு, அதன் பிறகு ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போதுதான் இது பல பிள்ளைகளுக்குத் தெரிய வருகிறது.

உங்கள் அண்ணன் சொல்வது இந்திய முறைக்குச் சரி. அங்கே பி.எட். என்பது பொதுவாக டிகிரிக்குப் பின் படிப்பது. இங்கே அப்படியில்லை. தென்னாப்பிரிக்காவில் பி.எட். மெட்ரிக் முடித்ததும் நேராகச் சேரும் நான்கு வருடப் பட்டம், 480 கிரெடிட். அண்ணன் நினைக்கும் படிப்புக்கு இங்கே பிஜிசிஇ என்று பெயர். மூன்று வருடப் பட்டத்துக்குப் பின் ஒரு வருடம், 120 கிரெடிட். எந்த வழியில் போனாலும் நான்கு வருடம்தான். சம்பளத்துக்கான தகுதி நிலையும் ஒன்றே, ஆர்இக்யூவி 14. டிகிரிக்காரருக்குக் கூடுதல் மதிப்பு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

டீச்சர் ஆவது உறுதி என்றால் பி.எட்.தான் நேர்வழி. குவாசூலு-நடால் பல்கலைக்கழகத்தில் அது பைன்டவுனில் உள்ள எட்ஜ்வுட் வளாகத்தில் நடக்கிறது. நான்கு வருடத்தில் குறைந்தது 20 வாரம் பள்ளிக்கூடத்தில் நின்று பாடம் நடத்திப் பழக வேண்டும். பிஜிசிஇயில் அது 8 முதல் 12 வாரம்தான். சேரும்போதே கிரேட் 7 முதல் 12 வரைக்கான பிரிவைத் தேர்ந்தெடுங்கள். ‘எந்தப் பிரிவானாலும் முதலில் உள்ளே நுழைந்துவிடு’ என்று சொல்வார்கள். கிரேட் ஆர் (ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய வருஷம்) முதல் 3 வரைக்கான ஃபவுண்டேஷன் ஃபேஸில் நுழைந்த பிள்ளை பிறகு மெட்ரிக் வகுப்புக்கு ஹிஸ்டரி நடத்தத் தகுதி பெறமாட்டாள்.

மனம் இன்னும் உறுதிப்படவில்லை, சைக்காலஜியையும் விட மனமில்லை என்றால் சோஷியல் சயின்ஸ் டிகிரியில் சேரலாம், தவறில்லை. ஆனால் முதலாண்டு மாட்யூல்களை (ஒரு செமஸ்டரில் படிக்கும் பாடப் பகுதிகளை) பிஜிசிஇயை மனதில் வைத்தே எடுக்க வேண்டும். பிஜிசிஇ ஹை ஸ்கூல் பிரிவுக்குப் பொதுவாகக் கேட்பது இரண்டு பள்ளிப் பாடங்கள்: ஒன்று மூன்றாம் ஆண்டு வரை, இன்னொன்று குறைந்தது இரண்டாம் ஆண்டு வரை படித்திருக்க வேண்டும்.

ஒரு மாட்யூல் பெரும்பாலும் 16 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது பத்து மணி நேர உழைப்பு, ஆக ஒரு மாட்யூலுக்கு 160 மணி. ஒரு செமஸ்டருக்கு நான்கு மாட்யூல் எடுத்தால் 640 மணி. 16 வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்கு 40 மணி, முழுநேர வேலை மாதிரி. ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்துச் சீக்கிரம் முடிக்கலாம் என்ற யோசனை முதலாண்டில் வேண்டாம். முதல் செமஸ்டரில் ஹிஸ்டரி, ஜியோகிரஃபி, சைக்காலஜி, நான்காவதாக இங்கிலிஷ். இரண்டாம் செமஸ்டரில் அதே நான்கின் அடுத்த பகுதிகள், ஆனால் ஏதாவது ஒன்றின் இடத்தில் ஐசிசூலு (சூலு மொழி) வந்துவிடும், அதைக் கீழே சொல்கிறேன். இப்படி எடுத்தால் வருடக் கடைசியில் மூன்று பள்ளிப் பாடங்கள் கையிலிருக்கும். இரண்டாம் ஆண்டில் எது பிடிக்கவில்லையோ அதை விடலாம். முதலாண்டில் தொடாத பாடத்தை இரண்டாம் ஆண்டில் திடீரென்று எடுக்க முடியாது. ஹிஸ்டரி இரண்டாம் ஆண்டுக்கு ஹிஸ்டரி முதலாண்டில் பாஸ் ஆகியிருக்க வேண்டும். பிள்ளைகள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எக்கனாமிக்ஸும் பள்ளிப் பாடம்தான், ஆனால் மெட்ரிக்கில் மேத்தமேட்டிக்கல் லிட்டரசி (அன்றாட வாழ்க்கைக்கான எளிய கணக்கு) மட்டும் எடுத்த பிள்ளைக்கு அது பெரும்பாலும் கிடைக்காது.

சைக்காலஜி பள்ளிப் பாடமில்லை என்றேனே, அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதைப் பாதி மட்டும் சொல்லிப் பிள்ளைகளை ஏமாற்றுகிறார்கள், அதனால் முழுதாகச் சொல்கிறேன். லைஃப் ஓரியன்டேஷன் (வாழ்க்கைத் திறன்) என்று ஒரு பாடம் கிரேட் 7 முதல் 12 வரை எல்லா மாணவருக்கும் கட்டாயம். அதற்குச் சைக்காலஜிப் படிப்பைப் பல பல்கலைக்கழகங்கள் அடிப்படையாக ஏற்கின்றன. ஆகவே ‘சைக்காலஜி படித்தவர் டீச்சராகலாம்’ என்பது பொய்யில்லை. ஆனால் மெட்ரிக்கில் மற்றப் பாடங்களுக்கு 20 கிரெடிட், லைஃப் ஓரியன்டேஷனுக்கு 10 தான். பட்டப்படிப்புக்கான பேச்சலர் பாஸ் கணக்கில் நான்கு பாடங்களில் 50 சதவீதம் கேட்கிறார்களே, அந்த நான்கில் இது சேராது. பள்ளி நிர்வாகங்கள் இதற்கென்றே தனியாக ஒரு ஆளை எடுப்பது அரிது; ஏற்கெனவே இருக்கும் ஆசிரியரின் டைம்டேபிளில் காலியாக இருக்கும் பீரியடுகளில் இதைச் செருகிவிடுவார்கள். ஆகவே சைக்காலஜி இரண்டாவது பாடமாக இருந்தால் பலம். ஹிஸ்டரியும் லைஃப் ஓரியன்டேஷனும் சேர்ந்தால் நல்ல ஜோடி. சைக்காலஜியையே முதல் பாடமாக வைத்து, பக்கத்தில் சோஷியாலஜியை நிறுத்தினால், இரண்டாவது பள்ளிப் பாடம் இல்லாமல் பிஜிசிஇ விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். சில இடங்களில் சோஷியாலஜியையும் லைஃப் ஓரியன்டேஷனுக்குக் கணக்கில் எடுப்பார்கள். அப்படி எடுத்தாலும் இரண்டும் சேர்ந்து ஒரே பாடத்துக்குள்தான் அடங்கும், இரண்டு பாடமாகாது.

சைக்காலஜி டிகிரி முடித்ததும் சைக்காலஜிஸ்ட் ஆகிவிடலாம் என்றும் எண்ண வேண்டாம். ஹானர்ஸ், மாஸ்டர்ஸ், இன்டர்ன்ஷிப், எச்பிசிஎஸ்ஏ (சுகாதாரத் தொழில் கவுன்சில்) பதிவு என்று அது நெடிய பாதை. மாஸ்டர்ஸில் எடுப்பதோ விரல் விட்டு எண்ணக்கூடிய சில பேரை. சோஷியல் வொர்க்கரும் அப்படித்தான், அதற்குத் தனியாக நான்கு வருடப் பட்டம் உண்டு; சோஷியாலஜி அதற்குச் சமமில்லை.

இனி ஐசிசூலு. நம் பகுதிப் பிள்ளைகளில் பலர் மெட்ரிக்கில் இரண்டாவது மொழியாக ஆஃப்ரிகான்ஸ் எடுத்திருப்பார்கள். ஆசிரியர் பயிற்சி விதிப்படி, ஆங்கிலத்தில் கற்பிக்கத் தகுதி பெறுபவர் ஒரு ஆப்பிரிக்க மொழியிலோ சைகை மொழியிலோ உரையாடும் அளவுக்காவது தேர்ச்சி காட்ட வேண்டும். ஆஃப்ரிகான்ஸ் இதற்கு உதவாது. குவாசூலு-நடால் பல்கலைக்கழகத்தில் 2014 முதல் ஐசிசூலு தெரியாத மாணவர்களுக்கு ஒரு மாட்யூல் கட்டாயம். அதைக் கடைசி வருடத்துக்குத் தள்ளாமல் முதலாண்டிலேயே முடித்துவிடச் சொல்லுங்கள்.

இத்தனையையும் மேஜர் தேர்ந்தெடுக்கும் நாளில் ஒரே தாளில் அச்சடித்துக் கொடுத்துவிட முடியும். ‘இந்த மேஜருக்கு இந்தப் பள்ளிப் பாடம், இதற்கு ஒன்றுமில்லை’ என்று பத்து வரி போதும். அதைச் செய்யாமல், கல்வித்துறையின் விதியை ஒரு கையேட்டிலும் டிகிரியின் விதியை இன்னொரு கையேட்டிலும் போட்டு, பதினேழு வயதுப் பிள்ளையே இரண்டையும் சேர்த்துப் படித்துப் புரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். இது அநியாயம். இடைத்தரகர்கள் பிழைப்பதும் இந்த இடைவெளியில்தான்.

சரி, அந்த 3,000 ராண்ட். குவாசூலு-நடால் மாகாணத்துப் பொதுப் பல்கலைக்கழகங்களுக்கு சிஏஓ என்ற மைய விண்ணப்ப அலுவலகம் மூலம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இடம் கொடுப்பது மதிப்பெண்ணையும் காலி இடத்தையும் பார்த்து. வெளியாள் யாரும் சீட் ‘பிடித்து’ வைக்க முடியாது. நீங்கள் கொடுக்கும் பணத்தில் அவர் சிஏஓ கட்டணத்தைக் கட்டிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்வார். சில சமயம் அதையும் கட்டமாட்டார். ஜனவரியில் மற்றப் பிள்ளைகள் ரெஜிஸ்டர் செய்யும்போதுதான் உங்கள் மகளின் பெயரே பட்டியலில் இல்லை என்று தெரியும். என்ஸ்ஃபாஸ் என்ற அரசு மாணவர் நிதியுதவிக்கு விண்ணப்பிக்க ஒரு சென்ட்டும் கட்டணமில்லை; குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் நீங்களே விண்ணப்பிக்கலாம். ஃபாரத்தில் கொடுக்கும் கைபேசி எண்ணும் ஈமெயிலும் கட்டாயம் உங்கள் மகளுடையதாக இருக்க வேண்டும். தரகர் தன் எண்ணைப் போட்டுவிட்டால், இடம் கிடைத்த செய்தி அவருக்குப் போகும். ‘இன்னும் ஆயிரம் கொடுத்தால் சொல்கிறேன்’ என்பார்.

இடம் கிடைக்கவில்லை என்றதும் அதே ஆள் ஒரு தனியார் கல்லூரியின் பெயரைச் சொல்ல வாய்ப்பு அதிகம். ‘அங்கீகாரம் வந்துகொண்டிருக்கிறது’ என்றால் அங்கீகாரம் இல்லை என்றே கொள்ளுங்கள். அந்தக் கல்லூரி உயர்கல்வித் துறையின் பதிவேட்டில் இருக்கிறதா, அங்கே நடத்தும் அந்தப் படிப்பின் பெயர் அதே பதிவேட்டில் இருக்கிறதா, சாக்வா (தகுதிகளைப் பதிவு செய்யும் தேசிய ஆணையம்) எண் என்ன என்ற மூன்றையும் நீங்களே பாருங்கள். கல்லூரி பதிவாகியிருக்கும், ஆனால் பி.எட். அந்தப் பதிவில் இருக்காது. இது வழக்கமான தந்திரம். ஈசிடி (சிறு குழந்தைகள் பராமரிப்பு) சர்டிஃபிகேட்டை ‘டீச்சர் ட்ரெயினிங்’ என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். அது சின்னக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு உதவும், அதை வைத்து ஹை ஸ்கூல் வகுப்பறைக்குள் போக முடியாது. ஆசிரியராக வேலை செய்ய சேஸ் (ஆசிரியர் கவுன்சில்) பதிவு சட்டப்படி கட்டாயம், தனியார் பள்ளியிலும்தான்.

சிஏஓ ஃபாரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட தெரிவுகளை வரிசைப்படுத்திக் கொடுக்கலாம். முதலில் பி.எட். ஹை ஸ்கூல் பிரிவு, அடுத்து சோஷியல் சயின்ஸ் என்று போடுங்கள். இரண்டாவதுதான் கிடைத்தால், எடுக்கப்போகும் மாட்யூல்களின் கோடுகளை எழுதி எட்ஜ்வுட் அலுவலகத்துக்கு ஈமெயில் அனுப்பி, ‘இவற்றோடு பிஜிசிஇக்கு எந்த இரண்டு பாடங்களை ஏற்பீர்கள்’ என்று கேட்கச் சொல்லுங்கள். கவுன்டரில் வாய்வார்த்தையாகச் சொல்வது போதாது, பதில் எழுத்தில் வேண்டும். வகுப்பு தொடங்கிய முதல் வாரத்திலேயே இதைச் செய்தாக வேண்டும். மாட்யூல் மாற்றுவதற்கான கெடு சீக்கிரம் முடிந்துவிடும், அதன் பிறகு மாற்றினால் கட்டிய கட்டணமும் வீண்.